ஒரே சந்தில் இரண்டு பெருநாள்

இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் கோத்தாகெடேவுக்குக் குடிவந்து மூன்றாவது மாதம் அது. அதிகாலைத் தொழுகையான சுப்ஹு தொழுதுவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சந்து முனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'இன்னா லில்லாஹி' என்று இறப்பை அறிவிக்கும் ஒரு தணிந்த குரல் கேட்டது. அதற்குப் பிறகு வந்த ஜாவா மொழியில் எதிர்வீட்டுப் பெரியவரின் பெயர் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. கதவைத் திறந்தேன். அதற்குள் சந்து நிறைய ஆள். இரண்டு பையன்கள் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடக்கு நாற்காலிகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஐந்தாறு பெண்கள் ஆளுக்கொரு கத்தியும் பலகையுமாக வந்தார்கள். அவர்கள் இறந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. அதற்கு அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போனார்கள். யாரும் யாரையும் ஏவிய மாதிரித் தெரியவில்லை.

அந்த நேரத்தில் எனக்குள் எழுந்த முதல் கேள்வி: இவர்கள் இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓதுகிறவர்களா, ஓதாதவர்களா?

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் காயம். தஞ்சை டெல்டாவில் ஒரு சின்ன ஊர், ராவுத்தர் குடும்பம். 2014இல் அத்தா, அதாவது அப்பா, மௌத்தானபோது, மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதியே ஆகவேண்டும் என்றார் சின்ன அண்ணன். அது மார்க்கத்தில் இல்லாத பித்அத், அந்தச் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றார் பெரிய அண்ணன். கபுரில் மண் தள்ளிய கையைக் கழுவக்கூட இல்லை, வாசலில் நின்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஹதீஸ் சொல்லிச் சண்டை போட்டார்கள். நாற்பதாம் நாளுக்குப் பெரிய அண்ணன் வரவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அம்மா மட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தார். தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

என் கணவருக்கு நூற்பாலை வேலை. 2022 ஜனவரியில் மத்திய ஜாவாவில் கிளாத்தென் பக்கம் ஓர் ஆலையில் சேர்ந்தார். வீடு கிடைத்தது யோக்யகர்த்தாவை ஒட்டிய கோத்தாகெடேயில். மாத்தாராம் அரசின் பழைய தலைநகரம், வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். அங்கே மூன்று வருஷம் இருந்தேன். ஜாவாவுக்குப் போகிற நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் அண்ணன்மார் மாதிரி ஆட்கள் படிக்கவேண்டும் என்கிற ஆசை அதைவிடப் பெரிது.

அன்றைக்கு என் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் 'பு எர்தே'. அது பெயர் இல்லை, பதவி. சில பத்து வீடுகளுக்கு ஒரு நிர்வாகக் குழு, அதன் பெயர் எர்.தே. தலைவர் 'பாக் எர்தே', அவருடைய மனைவி 'பு எர்தே'. சாவு, கல்யாணம், இராக்காவல், குப்பை எல்லாம் இவர்கள் வழியாகத்தான் நடக்கும். ஜாவாவில் வீடு மாறினால் முதல் வாரமே இவர்கள் வீட்டுக்குப் போய் முகம் காட்டிவிட வேண்டும். நான் அதைச் செய்திருந்தேன். அதனால்தான் அன்று காலை ஒருத்தர் என் வீட்டுக் கதவுக்கு வந்தார்.

துக்க வீட்டுக்குப் போவதை அங்கே 'லயாத்' என்கிறார்கள். தலையை மூடி அடக்கமான உடை போதும், கறுப்பு உடுத்த வேண்டும் என்று எதுவும் இல்லை. வாசலில் துணி போர்த்திய பெட்டி ஒன்று இருக்கும். சின்ன உறையில் முடிந்த பணத்தை வைத்து அதில் போட வேண்டும், எவ்வளவு என்று யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டாரின் கையை இரண்டு கையாலும் பற்றி, பிறகு நம் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணும் கை தராவிட்டால் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தாலே போதும். சத்தம்போட்டு அழுவதை அங்கே யாரும் விரும்புவதில்லை. முகத்தில் ஒரு சிறு புன்னகைகூட இருக்கும். முதலில் அது எனக்கு உறுத்தியது. துக்கம் இல்லாமல் இல்லை, வந்தவர்களுக்குத் தன் பாரத்தை ஏற்றக்கூடாது என்கிற மரியாதை அது என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

ஜனாஸா கிளம்புமுன் ஒருவர் பேசினார். இறந்தவர் சார்பில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். கொடுக்கல் வாங்கல் இருந்தால் பிள்ளைகளிடம் வந்து சொல்லுங்கள் என்றார். அப்புறம், 'இவர் நல்லவர்தானே?' என்று கேட்டார். 'ஸாயே' என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. ஜாவா மொழியில் மரியாதையாக 'நல்லவர்' என்பதற்கு அந்தச் சொல். சந்தூக்கை, அதாவது ஜனாஸாப் பெட்டியை, தோளுயரம் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மகனும் மகளும் பேரப்பிள்ளைகளும் அதற்கு அடியில் குனிந்து நடந்து வந்தார்கள். 'ப்ரோபோசான்' என்னும் பழைய ஜாவா வழக்கம். கிதாபில் இருக்கிற காரியம் இல்லை. கூட்டத்தில் பாதிப்பேர் அதை ஏற்காதவர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த அரை நிமிஷமும் அவர்கள் பார்வையைத் தாழ்த்திச் சும்மா நின்றார்கள். பிறகு அவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள்.

யார் அந்தப் பாதிப்பேர்? இந்தோனேசிய முஸ்லிம்களில் இரண்டு பெரிய அமைப்புகள். முஹம்மதியா 1912 நவம்பர் 18இல் இதே யோக்யகர்த்தாவில், பெரிய பள்ளிவாசலை ஒட்டிய கவுமான் என்னும் தெருவில் அஹ்மத் தஹ்லான் தொடங்கியது. குர்ஆனுக்கும் ஹதீஸுக்கும் நேராகப் போ, பின்னால் வந்து சேர்ந்த சடங்கை விடு, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டு என்பது அவர்கள் வழி. நஹ்தத்துல் உலமா 1926 ஜனவரி 31இல் சுராபாயாவில் ஹாஷிம் அஷ்அரி முதலான ஆலிம்கள் தொடங்கியது. ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டவழி, நபிபுகழ் ஓதும் மவ்லிது, அடக்கத்தலங்களுக்குப் போகும் ஸியாரத், இறந்தவருக்காக ஓதுதல் எல்லாம் அவர்களிடம் உண்டு. சுருக்கமாக என்.யூ. என்பார்கள். இரண்டுக்கும் கோடிக்கணக்கில் ஆட்கள். நம் ஊரில் சுன்னத் ஜமாஅத், தவ்ஹீத் என்று பிரித்துப் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே வாக்குவாதம். அங்கே அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது.

எதிர்வீட்டுக் குடும்பம் என்.யூ. வழி. எனவே ஏழு இரவும் 'தஹ்லீலான்'. இஷாவுக்குப் பிறகு ஆண்கள் வந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்வார்கள். 'காவும்' என்று அழைக்கப்படுகிற பெரியவர் முன்னின்று குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுவார். மய்யித்தைக் குளிப்பாட்டுவதும் துஆ கேட்பதும் அவர்தான். ஜாவாவில் வேறு பல ஊர்களில் அவரை 'மோடின்' என்கிறார்கள். நம் மோதினார்தான், அதே 'முஅத்தின்' என்கிற அரபுச் சொல். யாஸீன் முடிந்ததும் லா இலாஹ இல்லல்லாஹு தொடங்கும். முதலில் நிதானமாக, போகப்போக வேகமெடுத்து, உட்கார்ந்தபடியே உடம்புகள் இடமும் வலமும் அசையும். அடுப்படியில் இருந்த எனக்கு அத்தாவின் நாற்பதாம் நாள் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

ஓதி முடித்ததும் இளைஞர்கள் வரிசையாகத் தட்டேந்தி வருவார்கள். மல்லிகை வாசம் வீசும் தேநீர், கை சுடும் சூடு, நாக்கில் ஒட்டும் இனிப்பு, கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்ட நிறம். கிளம்பும்போது ஆளுக்கொரு பெட்டி. அதற்கு 'பெர்காத்' என்று பெயர், பரக்கத் என்பதுதான் அப்படித் திரிந்திருக்கிறது. முன்பு மூங்கில் பின்னல் பெட்டியில் கொடுத்தார்களாம், இப்போது பெரும்பாலும் அட்டைப்பெட்டி. சோறு, பொரித்த கோழித் துண்டு, காரமாக வதக்கிய உருளைக்கிழங்கு, சேமியா, அப்பளம், ஒரு வாழைப்பழம். ஏழாம் நாள் சமைத்த சோற்றுக்குப் பதில் அரிசி, முட்டை, சர்க்கரை, தேயிலை என்று பையில் போட்டுக் கொடுத்தார்கள். இப்படி ஊரைக் கூட்டி ஓதிச் சோறு போடுவதற்கு அங்கே பொதுப் பெயர் 'கெண்டுரி'. நாகூரில் நாம் சொல்கிற கந்தூரியும் அதுவும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவர், 'இது நம்ம ஊரில் ஃபாத்திஹா ஓதிக் கொடுக்கிற நார்சாதானே?' என்றார். நார்சாதான்.

ஏழு இரவும் அந்த அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முஹம்மதியா குடும்பம். அது தெரிந்ததும் எனக்குத் திகைப்பு. மூன்றாவது இரவு தைரியம் வந்து, என் அரைகுறை இந்தோனேசிய மொழியில் கேட்டேன்: நீங்கள் தஹ்லீலான் செய்வதில்லையே, பிறகு ஏன் இங்கே? அவர் கத்தியை நிறுத்தவில்லை. 'ஓதுகிறது அவங்க விஷயம். அந்த வீட்டில் யாரும் இப்போ சமைக்கக் கூடாது, அது என் விஷயம்' என்றார். பிறகு ஒரு ஹதீஸ் சொன்னார். நபியின் உறவினர் ஜஅஃபர் போரில் ஷஹீதான (உயிர்துறந்த) செய்தி வந்தபோது, ஜஅஃபரின் குடும்பத்துக்கு உணவு சமையுங்கள், அவர்கள் கவனம் திரும்பும்படி ஒன்று வந்துவிட்டது என்று நபி சொன்ன ஹதீஸ். அதே ஹதீஸைத்தான் 2014இல் பெரிய அண்ணன் வாசலில் நின்று கத்திச் சொன்னார். அன்றைக்கு அதைக் கேட்டு யாரும் சமைக்கப் போகவில்லை. சமைக்கக் கூடாது என்பதற்குத்தான் அதைப் பயன்படுத்தினோம்.

ஆசிரியையின் கணவர் பாயில் வந்து உட்காரவில்லை. ஏழு நாளும் சந்து முனையில் நின்று மோட்டார் சைக்கிள்களை வரிசைப்படுத்தினார். ஓதி முடித்து எல்லோரும் தேநீர் குடிக்கும்போது உள்ளே வந்து தானும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டார். பெர்காத் பெட்டி அவர்கள் வீட்டுக்கும் போனது, அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சாப்பிட்டார்களா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜாவா போகிறவர்கள் எந்தக் கருத்துடையவர்களாக இருந்தாலும் இதை மனதில் வையுங்கள்: பாயில் உட்காருவதும் உட்காராததும் உங்கள் இஷ்டம், யாரும் கோபிக்க மாட்டார்கள். பெட்டியை வேண்டாம் என்று திருப்பினால் அது மார்க்க விஷயமாகப் படாது, பக்கத்து வீட்டைத் தள்ளிவைத்ததாகப் படும். இன்னொன்று, ஏழு நாளோடு முடிவதில்லை. நாற்பது, நூறு, ஓராண்டு, இரண்டாண்டு, கடைசியில் ஆயிரமாவது நாள். அந்த ஆயிரமாவது நாள் 2024 கடைசியில் வந்தது, அதற்கும் நான் சந்தில்தான் இருந்தேன். ஆசிரியை அதற்கும் வந்து பீன்ஸ் நறுக்கினார்.

எல்லாமே எனக்கு இலகுவாக இருந்தது என்று சொன்னால் பொய். நான் ஹனஃபி, அதுவும் ஷாஃபி போல ஒரு மத்ஹப். ஜாவாவில் பெரும்பாலும் ஷாஃபி வழக்கம், நம் காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோர மக்களைப் போல. அவர்கள் யாராவது அங்கே போனால் எதுவும் புதிதாகத் தெரியாது. எனக்கு அஸர் பாங்கே திகைப்பாக இருந்தது, மூன்று மணியளவிலேயே சொல்லிவிடுகிறார்கள். சுப்ஹில் இரண்டாவது ருகூவிலிருந்து எழுந்ததும் நான் சஜ்தாவுக்குப் போய்விட்டேன். மற்ற எல்லோரும் கையேந்தி நின்று குனூத் என்னும் துஆவை ஓதிக்கொண்டிருந்தார்கள். நெற்றி தரையில், சுற்றிலும் நிற்கிற பாதங்கள். அதற்கு வழி சொல்லிக்கொடுத்தவரும் ஆசிரியைதான். முஹம்மதியா பள்ளிவாசல்களில் சுப்ஹில் குனூத் இல்லை. இங்கே தொழும்போது நான் கையேந்துவதில்லை, ஆனால் இமாம் முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன் என்றார். அன்று முதல் நானும் அப்படித்தான்.

அப்படிப் பள்ளிவாசலில் நின்று தொழுகிற வாய்ப்பு கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. பெண்கள் வீட்டில் தொழுவோம், ரமலானில் யாராவது ஒரு வீட்டில் கூடித் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை தொழுவோம். கோத்தாகெடேயில் பாங்கு சொன்னதும் பாட்டிகள், பெண்பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறார்கள். பைக்குள் 'முக்கனா' இருக்கும். முகமும் கையும் மட்டும் தெரிகிற தொழுகை உடை, மேலே ஒன்று, கீழே பாவாடை ஒன்று. வெள்ளை முக்கனாவை முதல்முறை தலைவழியாக இழுத்து விட்டபோது நன்னியின், எங்கள் பாட்டியின், வெள்ளைத் துப்பட்டி நினைவுக்கு வந்தது. நன்னி அதைப் போர்த்திக்கொண்டு கல்யாண வீட்டுக்கும் மௌத் வீட்டுக்கும் போவார். பள்ளிவாசலுக்குப் போனதில்லை. அன்று சலாம் கொடுத்த பிறகு எழுந்திருக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெண்கள் யாராவது ஜாவா போனால் ஒரு முக்கனா வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் தொழ நேர்ந்தால் பெரும்பாலான பள்ளிகளில் பொதுவில் தொங்கும், ஆனால் சொந்தமாக இருப்பது நல்லது.

முஹம்மதியாவின் பெண்கள் அமைப்பான ஆயிஷியா 1917இலேயே தொடங்கிவிட்டது. அவர்களுக்கென்றே கவுமானில் கட்டிய தொழுமிடம் ஒன்று 1920களிலிருந்து இருக்கிறது, பெண்களே நடத்துவது. ஆசிரியை என்னை அங்கே அழைத்துப் போனார். தெருவுக்குள் ஒடுங்கிய, சாதாரணமான கட்டடம். நூறு வருஷமாக என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ரமலானில் இன்னொரு வேடிக்கை உண்டு. எங்கள் சந்துப் பள்ளியில் தராவீஹ் எட்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். பதினொன்று தொழுகிறவர்கள் பின்னால் ஒதுங்கி, கடைசியாகத் தொழும் வித்ரு மூன்றைத் தொழுதுவிட்டுப் போவார்கள். இருபத்துமூன்று தொழுகிறவர்கள் முன்னால் நகர்ந்து ஸஃப்பை (வரிசையை) நிரப்பித் தொடர்வார்கள். அவ்வளவுதான். நோட்டீஸ் இல்லை, பயான் இல்லை.

பிறை விஷயம்தான் உண்மையான சோதனை. எங்கள் ஊரிலும் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் வரும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு முகம் கொடுக்க மாட்டார்கள். ஜாவாவிலும் இரண்டு வருகிறது. முஹம்மதியா அப்போது முழுக்கக் கணக்கின்படி போனது. சூரியன் மறையுமுன் அமாவாசை நேரம் கடந்து, சூரியனுக்குப் பின் சந்திரன் மறைந்தால் மறுநாள் புது மாதம். அரசாங்கமும் என்.யூ.வும் பிறை பார்த்தலை வைத்துப் போகிறவை. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருனை நான்கும் சேர்ந்து வைத்த அளவுகோல்படி பிறை 3 பாகை உயரமும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகலும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 20, ரமலான் 29. அன்று பகலில் சூரிய கிரகணம் வேறு, எங்கள் வானத்தில் ஓரளவு தெரிந்தது. மாலையில் நாட்டில் எங்குமே பிறை 3 பாகையை எட்டவில்லை. ஆக முஹம்மதியாவுக்கு 21 வெள்ளிக்கிழமை பெருநாள், மற்றவர்களுக்கு 22 சனிக்கிழமை.

எதிர்வீட்டில் நோன்பு, பக்கத்து வீட்டில் பெருநாள், நடுவில் நாங்கள். நான் அரசாங்க அறிவிப்பின்படி நோன்பு வைத்தேன். வியாழன் இரவு ஆசிரியை வீட்டில் தேங்காய்ப்பாலில் கோழி கொதிக்கிற வாசம் சந்தை நிறைத்தது. வெள்ளி காலை குடும்பமாக மைதானத்துக்குத் தொழப் போனார்கள். நம் ஊர் திடல் தொழுகை போலத்தான். திரும்பி வந்தவர்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்கள். பிள்ளைகள்கூட வாசலில் நின்று தின்னவில்லை. மாலை மஃரிப் பாங்கு சொல்லி நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்திருப்பேன், கதவு தட்டும் சத்தம். ஆசிரியையின் மகள் தட்டோடு நிற்கிறாள்: தென்னங்குருத்தோலைக்குள் வெந்த கெத்துபாட் சோறு, ஓப்போர் கோழி, மிளகாயில் வதக்கிய மாட்டுத்தோல் 'சம்பால்'. காலையிலேயே எங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, நோன்பு திறக்கிற நேரம்வரை காத்திருந்திருக்கிறார்கள். அடுத்த நாள் எங்கள் பெருநாளுக்கு அதே குடும்பம் மறுபடி புதுத்துணி உடுத்தி வந்தது. 'மோஹோன் மாஆஃப் லாஹிர் பாத்தின்', வெளியிலும் உள்ளத்திலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒவ்வொருவரும் கை பிடித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சந்துக்கே பொதுவாக 'ஹலால் பிஹலால்' என்னும் கூட்டம். அதற்கு ஒரே தேதிதான்.

பெருநாளன்று பிள்ளைகள் பெற்றோர் முன் மண்டியிட்டு, மடியில் முகம் புதைத்து மன்னிப்புக் கேட்பது ஜாவா வழக்கம், 'சுங்கெம்' என்பார்கள். மனிதருக்கு முன் மண்டியிடலாமா என்று எனக்கு நடுக்கம். பித்அத் என்று பல சடங்கை விட்ட அந்த ஆசிரியையே தன் தொண்ணூறு வயதுத் தாய் முன் அப்படி உட்கார்ந்து தேம்பியதைப் பார்த்தேன். நான் செய்யவில்லை. அந்தப் பாட்டியின் கையை முத்தமிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

இதைப் படித்துவிட்டு அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அந்த 2023 பெருநாளை ஒட்டியே ஓர் அரசு ஆய்வாளர் முஹம்மதியாக்காரர்களை மிரட்டி முகநூலில் எழுதிக் கைதானார். ஆரம்ப காலத்தில் நிலைமை இதைவிட மோசம். ஜாவாவிலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்கா திசை, வடமேற்காக இருக்கிறது. பழைய பள்ளிகள் பலவும் நேர் மேற்கைப் பார்த்தவை. 1890களின் கடைசியில் அஹ்மத் தஹ்லான் கிப்லாவைத் திருத்த வேண்டும் என்று சொல்லி, தன் சிறிய தொழுமிடத்தைச் சரியான திசையில் கட்டினார். பெரிய பள்ளிவாசல் தலைமையின் உத்தரவில் அது இடிக்கப்பட்டது. ஊரை விட்டே போய்விட நினைத்தவரைக் குடும்பம் தடுத்து நிறுத்தியது, பிறகு திரும்பக் கட்டினார். யோக்யகர்த்தா பெரிய பள்ளிவாசல் 1773இல் கட்டியது. இன்று அங்கே போனால் கட்டடம் ஒரு திசையில் இருக்கும், தரையில் ஸஃப் கோடுகள் அதற்குச் சாய்வாக ஓடும். தூண்களுக்கு நடுவே கொஞ்சம் கோணலாக நின்றுதான் தொழ வேண்டும். அதே பள்ளியின் முற்றத்தில்தான் மீலாது மாதத்தில் அரண்மனையின் கமெலான் வாத்தியங்கள் ஒரு வாரம் ஒலிக்கின்றன, வாசலில் பாட்டிகள் வெற்றிலை மடித்து விற்கிறார்கள். முஹம்மதியா பிறந்த தெரு அந்த மதிலுக்குப் பக்கத்தில்.

இன்னொரு செய்தியும் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. முஹம்மதியாவைத் தொடங்கிய தஹ்லானும் என்.யூ.வைத் தொடங்கிய ஹாஷிம் அஷ்அரியும் ஒரே ஆசிரியர்களிடம் ஓதியவர்கள். செமாராங்கில் ஸாலிஹ் தாராத், மக்காவில் அஹ்மத் கதீப் அல்மினங்கபாவி. ஒரு பாயில் உட்கார்ந்து ஓதிய இரண்டு பேரிடமிருந்துதான் இந்த இரண்டு வழியும் வந்திருக்கின்றன. என் அண்ணன்மார் இரண்டு பேருக்கும் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தது ஒரே ஹஜ்ரத்.

2025 ஜனவரியில் அம்மா மௌத்தானார். செய்தி வந்து விமானம் ஏறுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இரண்டு அண்ணன்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். கோத்தாகெடேயில் கற்றதை அப்படியே சொன்னேன். மூன்று நாளைக்கு வாசலில் நின்று யாரும் ஹதீஸ் பேசக் கூடாது. நம் வீட்டு அடுப்பு எரியக் கூடாது, மாமி வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் சமைப்பார்கள், நான் பேசிவிட்டேன். சின்ன அண்ணன் விரும்புகிறபடி மூன்றாம் நாள் ஓதட்டும். பெரிய அண்ணன் ஓத வர வேண்டாம், நார்சா வாங்க வேண்டாம். 'ஆனா அம்மாவுக்காக வர்றவங்களை வாசல்ல நின்னு நீங்கதான் பார்த்துக்கணும்' என்றேன். ஜஅஃபர் குடும்பத்து ஹதீஸையும் அவரிடம் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு அவர் வந்தார். உள்ளே ஹஜ்ரத் ஓத ஆரம்பித்திருந்தார். அண்ணன் திண்ணையில் உட்காராமல் தெருவோரம் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன் தீர்ந்தபோது தோளில் தூக்கிவந்து மாற்றி வைத்தார். ஓதி முடித்து நார்சா கொடுத்தபோது அவர் வாங்கவில்லை, யாரும் நீட்டவும் இல்லை. சாயங்காலம் ஆட்கள் போன பிறகு ஜமுக்காளம் மடிக்க வேண்டியிருந்தது. அதை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு முனையைச் சின்ன அண்ணன் பிடித்தார், மற்ற இரண்டைப் பெரிய அண்ணன் பிடித்தார். உதறி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்தார்கள்.

'நாப்பதுக்கு எத்தனை சேர் வேணும்னு முன்னாடியே சொல்லு, நான் சொல்லிடுறேன்' என்றார் பெரிய அண்ணன்.

'அம்பது போதும்' என்றார் சின்னவர்.